டீச்சரைக் கேளுங்கள்: மலைப் பள்ளத்துக்குக் கொப்பரை என்று பெயர் வைத்தவர்கள்

போன இதழில், ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் நகரத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்ததைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அந்த நாட்டு மலைகளின் கேலிக் மொழிப் பெயர்களை வரைபடத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தபோது, 29 வருடம் புவியியல் நடத்திய நான் மறுபடியும் முதல் பெஞ்சில் உட்கார்ந்த மாணவியானேன் என்று அதில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் மகிழ்ச்சி. இந்த மாதம் பக்கம் முழுவதும் மலைப்பெயர்களுக்கே.

கேள்வி: கேலிக் தெரியாமல் அந்தப் பெயர்களுக்கு எப்படிப் பொருள் கண்டுபிடித்தீர்கள் டீச்சர்? அகராதியைக் கையில் வைத்துக்கொண்டா மலை ஏறினீர்கள்?
(வாசகி, ஸ்ரீராமபுரம்)

மொழி தெரியாது என்பது உண்மைதான் அம்மா. ஆனால் மலைப்பெயரைப் படிக்க ஒரு மொழி முழுவதும் தேவைப்படாது. நாற்பது சொற்கள் கைவசம் இருந்தால் போதும். 1981-ல் கல்யாணமாகி பெங்களூரு உல்சூருக்கு வந்தபோது எனக்குக் கன்னடம் ஒரு வாக்கியம்கூட வராது. ஆனால் பஸ் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே 'ஹள்ளி' என்றால் ஊர், 'கெரெ' என்றால் ஏரி, 'பெட்ட' என்றால் மலை, 'குட்ட' என்றால் சிறு குன்று என்று மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் கற்றிருப்பார்கள். இன்வெர்னஸில் நான் செய்ததும் அதுவே. மகள் வாங்கிக் கொடுத்த வரைபடத்தைச் சமையலறை மேஜையில் விரித்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் மனத்தைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. நாம் பெரிய மலை என்கிறோம். ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டபெட்டாவும் அப்படித்தான்: தொட்ட என்றால் பெரிய, பெட்ட என்றால் மலை. கேலிக்கில் மலை முன்னால் வரும், பெரிய என்பது பின்னால் வரும்: 'பெய்ன் வோர்'. ஆங்கிலத்தில் பென் மோர் என்று எழுதப்படும் மலைகள் ஸ்காட்லாந்தில் பல இருக்கின்றன. அத்தனையும் தொட்டபெட்டாக்கள். ஆக, முதல் சொல் அது என்ன வடிவம் என்று சொல்லும். அடுத்த சொல் அதன் நிறத்தையோ, அங்கே மேய்ந்த ஆட்டையோ, அங்கே நடந்த சண்டையையோ சொல்லும்.

அந்த முதல் சொல்லில்தான் எனக்கு உயிர். 'பெய்ன்' பொதுவாக மலை. 'ஸ்கூர்' என்றால் ரம்பப் பல் போல நிற்கும் பாறைச் சிகரம். ஸ்கை தீவின் கூலின் மலைத்தொடரைப் பார்த்தால் எங்கு திரும்பினாலும் ஸ்கூர்தான். 'மியால்' என்றால் பிடித்து வைத்த மாவு உருண்டை போல மொத்தையான குன்று. 'கார்ன்' என்றால் கற்குவியல், 'க்ரேக்' என்றால் செங்குத்துப் பாறை, 'ஸ்டொப்' என்றால் வெட்டிய மரக்கட்டை போல முளைத்து நிற்கும் உச்சி. வெறும் வரைபடத்தைப் பார்த்தே, மேலே போனால் காலுக்கு என்ன கிடைக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். நமக்கு இது புதிதா என்ன? அம்பாசமுத்திரம் பக்கத்தில் பிறந்த நான் பாறைக்குன்றைப் பொத்தை என்பேன். என் கணவர் வீட்டார் கொங்கு நாட்டவர், அவர்களுக்கு அது கரடு. மலையும் பொத்தையும் ஒன்றுதானே என்று என் ஆச்சியிடம் கேட்டிருந்தால், கண் தெரியவில்லையா உனக்கு என்று கேட்டிருப்பார்.

கேள்வி: ஆங்கில எழுத்தில் எம், எச் என்று சேர்த்து எழுதிவிட்டு 'வ' என்று உச்சரிக்கிறார்களாமே? எதற்கு இந்தச் சுற்று வழி?
(வாசகர், ஜாலஹள்ளி)

சுற்று வழி இல்லை ஐயா, அது அவர்களுடைய புணர்ச்சி இலக்கணம். கேலிக்கில் பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால், பெண்பால் உண்டு. 'பெய்ன்' பெண்பால். அதன் பின்னால் வரும் அடைமொழியின் முதல் எழுத்து மெலிந்துவிடும். 'மோர்' என்பது 'வோர்' ஆகும். மெலிந்தது என்று காட்டத்தான் பக்கத்தில் அந்த எச் எழுத்து. ஆண்பாலான 'கார்ன்' பின்னால் வந்தால் அதே சொல் மோர் என்றே நிற்கும்.

கன்னடம் பேசும் ஊரில் இருக்கும் நமக்கு இது கடினமே இல்லை. 'மளெ' என்றால் மழை, 'கால' என்றால் காலம். இரண்டும் சேரும்போது அந்த ககரம் வல்லோசை இழந்து, 'தங்கம்' என்பதில் வரும் ககரம் போல மென்மையாக ஒலிப்பதைத் தினம் கேட்கிறோமே. அதே குடும்பத்துக் காரியம்தான். 'ப்ரெக்' என்றால் புள்ளி போட்டது. புள்ளி மலை 'வ்ரெக்' ஆகி, ஆங்கில எழுத்தில் பென் வ்ராக்கி என்று 841 மீட்டரில் நிற்கிறது.

இன்னொன்று. ஏரிக்கு அவர்கள் சொல்லும் சொல்லின் கடைசி ஒலியை ஆங்கிலேயர்கள் 'க்' என்றே முடித்துவிடுகிறார்கள். அஃது என்று சொல்லும்போது தொண்டையில் உரசிப் பிறக்கும் ஆய்தம்தான் அந்த ஒலி. லொஃ என்று சொல்லிப் பாருங்கள். என் பேத்தியின் பள்ளித் தோழி ஒருத்தி, பாட்டிக்கு எப்படி இவ்வளவு சரியாக வருகிறது என்று கேட்டாள். எங்கள் நெடுங்கணக்கில் அதற்குத் தனி எழுத்தே இருக்கிறது என்று மூன்று புள்ளி வைத்துக் காட்டினேன்.

கேள்வி: நான் கோத்தகிரிக்காரன். எங்கள் நீலகிரி போல அங்கும் நீல மலை உண்டா?
(வாசகர், கே.ஆர். புரம்)

உண்டு, பெயரும் அப்படியே. 'கார்ன் கொரொம்': நீலக் கற்குவியல். உயரம் 1,245 மீட்டர். ஆங்கிலத்தில் கேர்ன்கார்ம். ஆனால் நீலம் என்று சொல்லிவிட்டு நகர முடியாது. 'கொரொம்' என்ற சொல் நீலத்தையும் சொல்லும், செழித்த புல்லின் பச்சையையும் சொல்லும். 'கிளாஸ்' என்பது சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், மழையில் நனைந்த மலைச்சரிவின் நிறம். 'லீய' என்பது நீலம் ஓடிய சாம்பல். 'உவன்ய' என்பது பளிச்சென்ற பச்சை. நிறங்களுக்கு அவர்கள் போட்ட எல்லை வேறு, ஆங்கிலம் போட்ட எல்லை வேறு. திருமாலின் மேனியைக் கருமை என்றும் நீலம் என்றும் பச்சை என்றும் ஒரே மூச்சில் சொல்லும் நமக்கு இதில் ஏன் குழப்பம் வரப்போகிறது?

இதில் எனக்கு வருத்தம் தரும் ஒரு விஷயமும் உண்டு. அந்த மலைத்தொடர் முழுவதற்கும் கேலிக்கில் 'அம் மொனக் ருவக்' என்று பெயர், செம்மலை. அங்குள்ள கருங்கல் இளஞ்சிவப்பு ஓடியது. மாலை வெயிலில் பார்த்தால் காரணம் தெரியும். ஸ்பே ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் இருப்பது 'அம் மொனக் லீய', சாம்பல் மலை. ஆற்றுப் பள்ளத்தாக்கில் நின்ற ஒருவர் இந்தக் கைப்பக்கம் சிவப்பு, அந்தக் கைப்பக்கம் சாம்பல் என்று பார்த்து வைத்த இணைப்பெயர்கள் அவை. பின்னால் வந்தவர்கள் ஒரு சிகரத்தின் பெயரை எடுத்துச் செம்மலைத்தொடர் முழுவதற்கும் சூட்டிவிட்டார்கள். இன்று செம்மலை உலகத்துக்கு நீலமலையாகிவிட்டது.

சிவப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது: 'ஜெரக்' என்றாலும் சிவப்பு. 'கார்ன் ஜெரக்', 'ஸ்டொப் ஜெரக்' என்று பார்க்கும்போதெல்லாம் என் வாயில் திருச்செங்கோடுதான் வந்தது. கோடு என்றால் சிகரம். செங்கோடு என்றால் சிவந்த சிகரம். அப்புறம் நம் சாமராஜநகர் பக்கத்துப் பிளிகிரி இருக்கிறது, அது வெள்ளை மலை.

கேள்வி: நானும் புவியியல் ஆசிரியைதான். 'சர்க்' என்று நாம் நடத்தும் பனிப்பள்ளத்துக்குக் கேலிக்கில் கொப்பரை என்று பெயர் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.
(வாசகி, பிரேசர் டவுன்)

இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன்.

பனியாறு மலைச்சரிவைக் குடைந்து உண்டாக்கிய, கைவைத்த நாற்காலி போன்ற பள்ளம் சர்க் எனப்படும். நீங்களும் நானும் எத்தனை முறை இதைக் கரும்பலகையில் எழுதியிருப்போம்! ஒரு அரைவட்டம் போட்டு, உள்ளே ஒரு சின்னக் குளம் வரைந்து, இரண்டு மதிப்பெண் வினா என்று அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். சர்க் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பிரிட்டனில் அதே பள்ளத்துக்குக் கொரி என்பார்கள். அது கேலிக்கின் 'கொரெ'யிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. கொரெ என்றால் அடுப்பில் ஏற்றும் பெரிய பாத்திரம், நம் கொப்பரை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் மகளும் நானும் 'கொரெ அன் ட்ரெஃக' போனோம். பனியின் கொப்பரை என்று பொருள். கார் நிறுத்தும் இடத்திலிருந்து கல் பாவிய நடைபாதை. என் கால் வேகத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே நுழைந்ததும் மூன்று பக்கமும் சுவர் எழுந்துவிட்டது. அடியில் மாட்டுவண்டி அளவுப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. நடுவில் இரண்டு மூன்று சிறு குளங்கள். சுவரின் மேல் விளிம்பில், ஜூன் மாதத்திலும், உலர்த்திய வேட்டி போல ஒரு துண்டுப் பனி. நாங்கள் பாறைமேல் உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தபோது பின்னாலிருந்து மேகம் உள்ளே வந்தது. வந்த மேகத்துக்கு வெளியே போக வழியில்லை. சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி, திரண்டு, மேலே எழுந்தது.

எனக்குச் சட்டென்று ஆச்சி வீட்டுப் புறவாசல் வந்துவிட்டது. விடியற்காலையில் நெல் அவிக்கும் செப்புக் கொப்பரை. மூடியிருக்கும் சாக்கை ஆச்சி விலக்கியதும், விளிம்பைச் சுற்றி ஆவி உருண்டு எழும். அதே ஆவி, அதே விளிம்பு, அதே வளைவு. 29 வருடம் நாற்காலி நாற்காலி என்று சொல்லிக்கொடுத்தேனே, ஒரு முறையாவது கொப்பரை என்று சொல்லியிருந்தால் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் புரிந்திருக்குமே என்று மனம் அடித்துக்கொண்டது.

அந்தப் பெயரை வைத்தவருக்குப் பனியாறு என்று ஒன்று அங்கே இருந்தது தெரிய வழியில்லை. சுவிட்சர்லாந்து அறிஞர் லூயி அகாசி 1840-ல் ஸ்காட்லாந்துக்கு வந்து பார்த்த பிறகுதான், இந்தப் பள்ளத்தாக்குகளை எல்லாம் ஒரு காலத்தில் பனிக்கட்டி நிரப்பியிருந்தது என்ற பேச்சே அங்கே வேர்பிடித்தது. வெயில் படாத வடக்கு, வடகிழக்குச் சரிவுகளில் காற்று கொண்டுவந்து கொட்டும் பனி கோடையிலும் கரையாமல் ஆண்டுக்கு ஆண்டு சேரும். மேல்பனியின் பாரத்தில் அடிப்பனி இறுகிக் கட்டியாகும். அந்தக் கட்டி தன் எடையாலேயே மெல்லச் சுழன்று இறங்கி, பின்சுவரைப் பெயர்த்து, அடித்தரையை அரைக்கும். கடைசிப் பனியாறுகள் கரைந்து சுமார் 11,500 ஆண்டுகள் ஆகின்றன. மிச்சம் நின்றது பாத்திரம். மாடு ஓட்டிப் போனவர் அந்தப் பாத்திரத்தைப் பார்த்துப் பாத்திரம் என்றார்; பனி தங்குவதைப் பார்த்துப் பனிப் பாத்திரம் என்றார். குளிர்காலத்தில் அங்கே ஏறுபவர்கள் பனிச்சரிவுக்கு அஞ்ச வேண்டிய இடம் அது. எச்சரிக்கை பெயரிலேயே இருக்கிறது.

கிளென்கோ பள்ளத்தாக்கில் இன்னொரு கொப்பரை உண்டு, 'கொரெ கவல்'. கைப்பற்றிய பொருளின் கொப்பரை என்று பொருள். பழங்காலத்தில் பெரிய பாறைச்சரிவு ஒன்று விழுந்து அதன் வாயை அடைத்துவிட்டதால், கீழே சாலையிலிருந்து பார்த்தால் உள்ளே ஒரு புல்வெளி இருப்பதே தெரியாது. அங்கிருந்த மெக்டொனால்டு குலத்தார், அடுத்த குலத்திடமிருந்து கவர்ந்து வந்த மாடுகளை அதற்குள் ஒளித்து வைத்தார்கள் என்பார்கள். ஆநிரை கவர்தலுக்கு வெட்சி என்று ஒரு திணையே வகுத்தவர்கள் நாம். உங்கள் பள்ளியில் தமிழாசிரியரும் நீங்களும் சேர்ந்து ஒரு வகுப்பு எடுங்கள். பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கேள்வி: மலைக்கு மூக்கு இருக்குமா டீச்சர்?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, உல்சூர்)

இருக்கும் கண்ணு. 'ஸ்ட்ரோன்' என்றால் மூக்கு. மலை நீட்டிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கும் இடத்துக்கு அந்தப் பெயர். 'த்ருய்ம்' முதுகு, நீண்ட மலைமுகடு. 'கவுன்' தலை, 'குவலன்' தோள், 'கீஃ' மார்பு. ரன்னொஃ என்ற பெரிய சதுப்பு வெளியில் ஒரு ஏரி இருக்கிறது: 'லொஃகன் ந ஹஃகலஷ'. பொருள் என்ன தெரியுமா? அக்குள் ஏரி! நிலம் கையை மடக்கி வைத்தது போல வளைந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் சொற்களை எடுத்துப் பார். மலையடி என்கிறோம். கேரளத்தில் 2,695 மீட்டரில் நிற்பது ஆனைமுடி. சிக்மகளூர் மாவட்டத்தில் நீ சுற்றுலா போயிருப்பாயே, குதிரைமுகம்! கன்னடத்தில் குதுரெமுக. பழந்தமிழில் 'கவான்' என்று ஒரு சொல் உண்டு. அதற்குத் தொடை என்றும் பொருள், மலைச்சரிவு என்றும் பொருள். உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய உருவமாக மலையைப் பார்த்தால்தான் அந்தச் சொல் பிறக்கும். நாளைக்கு உன் தமிழ் ஐயாவிடம் கேள்.

கேள்வி: சனி ஞாயிறுகளில் சாவனதுர்கா, ஸ்கந்தகிரி என்று ஏறுபவன் நான். கைப்பேசியில் பாதை தெரிகிறது. பெயரின் பொருள் தெரிந்து ஏறுபவனுக்கு என்ன லாபம்?
(வாசகர், ஒயிட்ஃபீல்டு)

தம்பி, முதலில் உங்களுக்குப் பிடிக்கும் ஒரு கணக்கு. ஸ்காட்லாந்தில் 3,000 அடியைத் தாண்டிய மலைகளுக்கு மன்றோ என்று பெயர். 1891-ல் சர் ஹியூ மன்றோ பட்டியலிட்டதால் அப்படி. இப்போதைய பட்டியலில் 282 மலைகள். 3,000 அடி என்றால் 914 மீட்டர். நம் பெங்களூரு சுமார் 920 மீட்டரில் இருக்கிறது. நீங்கள் மன்றோ உயரத்தில்தான் தினம் பால் வாங்கப் போகிறீர்கள். பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர். நம் நந்தி பெட்ட 1,478. ஆனால் அங்கே ஏறத் தொடங்குவது கிட்டத்தட்ட கடல்மட்டத்திலிருந்து. வடக்கே 57 டிகிரி அட்சரேகை. காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, பதினொன்றுக்கு முன்னால் நடப்பவர் முதுகு தெரியாத மூடுபனி.

அந்த மூடுபனியில் பெயர்தான் பேசும். 'பியலஃ' என்றிருந்தால் கணவாய், கடந்து மறுபக்கம் போகலாம். 'பியலஃ ந பா' என்றால் மாடுகளின் கணவாய். 626 மீட்டர் உயரம். மாடு ஏறிய வழி, இன்று வளைந்து வளைந்து ஆப்பிள்கிராஸ் ஊருக்குக் கார் போகிறது. 'ஆல்ட்' ஓடை, 'எஸ்' அருவி. 'அவுனஃ எகஃ' என்ற முகட்டுக்கு வெட்டு விழுந்த முகடு என்று பொருள். இருபுறமும் பள்ளம், நடுவில் அரிவாள் விளிம்பு. பொருள் தெரிந்தவர் முதல் முறை துணையில்லாமல் போகமாட்டார். பென் நெவிஸுக்குப் பக்கத்தில் 'அவுனஃ மோர்' 1,221 மீட்டர், 'அவுனஃ பெக்' 1,234 மீட்டர். மோர் பெரியது, பெக் சிறியது. சிறியதுதான் உயரம் கூட! பெயர் வைத்தவர்கள் உயரம் அளக்கவில்லை. எது இடத்தை அடைத்துக்கொண்டு பருத்துக் கிடக்கிறது என்று பார்த்தார்கள். சுற்றிக்கொண்டு போகவேண்டியவனுக்கு அந்தக் கணக்குத்தானே தேவை.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஒரு மாலை, கைப்பேசியில் தெரிந்த குறுக்குக்கோட்டை நம்பி நானும் மகளும் சாலைக்கு இறங்கினோம். காகித வரைபடத்தில் அந்த இடத்தில் 'மோன்ய' என்று அச்சாகியிருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தேன், நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. பாசியும் புல்லும் மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டு தேங்கிக் கறுத்த சேற்று நிலம் அது. வெட்டி உலர்த்தினால் அடுப்பெரிக்கலாம், காலை வைத்தால் விழுங்கும். முழங்கால் வரை போய்விட்டேன். மகள் படுத்துக்கொண்டு என் தோளைப் பிடித்து இழுத்தாள். ஒரு பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கோடு போட்ட இயந்திரத்துக்கு அந்த நிலம் தெரியாது தம்பி. ஐந்து எழுத்தில் அந்தச் சொல் சொல்லிக்கொண்டே இருந்தது.

நீங்கள் ஏறும் இடங்களிலேயே தொடங்குங்கள். 'துர்க' என்று முடிந்தால் அது கோட்டை. ஒரு பக்கமாவது எதிரி ஏற முடியாத செங்குத்தாக இருக்கும். கோலாரில் இருக்கும் அந்தரகங்கெ பெயரிலேயே ஊற்று இருக்கிறது. தண்ணீர்ப் புட்டியை எங்கே நிரப்பலாம் என்று யாரிடமும் கேட்க வேண்டாம்.

கேள்வி: எல்லாப் பெயரும் கேலிக்தானா?
(வாசகர், காக்ஸ் டவுன்)

இல்லை. மேற்குத் தீவுகளில் கப்பலில் வந்த நார்வேக்காரர்களின் பெயர்கள் நிறைய. ரம் தீவின் அஸ்கிவல், ஹாலிவல் இரண்டிலும் வரும் 'வல்' அவர்கள் மொழியில் மலை. கிழக்கே அபர்தீன் போன்ற பெயர்களின் 'அபர்' கேலிக்குக்கும் முந்தியது. ஆற்று முகத்துவாரம் என்று பொருள். அதற்குக் கேலிக் சொல் 'இன்வெர்'. இன்வெர்னஸ் என்றால் நெஸ் ஆற்றின் முகத்துவாரம். ஒரு ஊர்ப் பலகையில் நான்கு மொழி கேட்கும் பெங்களூருக்காரர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

கேள்வி: இந்தப் பெயர்களை எழுதி வைத்தவர்கள் யார்? சரியாகத்தான் எழுதினார்களா?
(வாசகி, மல்லேஸ்வரம்)

19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நில அளவைத் துறையினர் எழுதினார்கள். அவர்களுடைய பெயர்ப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் அமைப்பைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மரியாதை வந்தது. பெயர் ஒரு பத்தி, அதன் வேறு எழுத்து வடிவங்கள் ஒரு பத்தி, அப்படிச் சொன்னவர் யார் என்று ஒரு பத்தி, இடம் எங்கே, அங்கே என்ன இருக்கிறது என்ற விவரம். சொன்னவரின் பெயரையும் சேர்த்து எழுதினார்களே, அது பெரிய காரியம். ஆனால் அளந்தவர்கள் பெரும்பாலும் கேலிக் அறியாதவர்கள். சொன்னவர்களிலும் நிலக்கிழாருக்கும் பாதிரியாருக்கும் கிடைத்த இடம் மாடு மேய்த்த கிழவிக்குக் கிடைக்கவில்லை. சில பெயர்களை நாகரிகம் கருதி மாற்றியும்விட்டார்கள். 'பொத் அன் ஜெவன்' என்ற சிகரத்தின் பெயருக்குப் பேயின் ஆணுறுப்பு என்று பொருள். ஆங்கிலத்தில் அது சாத்தானின் முனை என்று நிற்கிறது. விக்டோரியா ராணி பொருள் கேட்டபோது அவருடைய பணியாளர் ஜான் பிரவுன் கூச்சப்பட்டு இப்படிச் சொன்னார் என்று அங்கே ஒரு கதை உண்டு.

எழுத்துப் பிழையைத் திருத்திவிடலாம். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று நடந்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரை, ஆட்டுப் பண்ணைக்காக அந்தப் பள்ளத்தாக்குகளிலிருந்து குடியானவர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றினார்கள். பெயர் சொன்ன வாய்கள் கடல் கடந்து கனடாவுக்குப் போயின. 2022 கணக்கெடுப்பின்படி, சுமார் 54 லட்சம் மக்களில் ஓரளவாவது கேலிக் அறிந்தவர் ஏறக்குறைய 1,30,000 பேர்.

வரைபடத்தில் 'ஆரி' என்ற சொல்லை அடிக்கடி பார்த்தேன். கோடைக் குடிசை என்று பொருள். வெயில் காலத்தில் பெண்களும் பிள்ளைகளும் மாடுகளை மேலே ஓட்டிச் சென்று, அங்கேயே தங்கி, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் எடுப்பார்கள். அப்படிப் பெயருள்ள ஓர் இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தேன். கூரை இல்லை, கதவு இல்லை. முழங்கால் உயரத்துக்குக் கல் வரிசை நீள்வட்டமாகக் கிடந்தது. சுற்றிலும் பழுப்புப் புதர், அந்தக் கற்களைச் சுற்றி மட்டும் தளிர்ப்பச்சைப் புல். எத்தனையோ கோடைகளில் கட்டிய மாடுகளின் சாணம் இன்னும் அந்த மண்ணில் வேலை செய்கிறது என்று மகள் சொன்னாள். அந்தப் புல்லின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நம் மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரி இருந்த இடம். அங்கே பஸ்ஸுக்கு நிற்கும்போது இப்போதெல்லாம் கீழே பார்க்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. நான் பொம்மசந்திராவில் வேலை செய்கிறேன். ஊருக்கு மேலே உள்ள கரட்டில் ஒவ்வொரு பாறைக்கும் என் அப்பா ஒரு பெயர் சொல்வார்: தாலிக்குண்டு, நரிப்புடவு, மோர் ஊத்திப் பாறை. அப்பாவுக்கு 81 வயது. எந்த வரைபடத்திலும் இந்தப் பெயர்கள் இல்லை. எழுதி வைத்தால் யாருக்காவது பயன்படுமா?
(வாசகர், பொம்மசந்திரா)

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போங்கள். தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

அப்பாவால் கரட்டில் ஏற முடியாது. கரடு முழுவதும் தெரியும் இடத்தில், களத்துமேட்டிலோ கோயில் திண்ணையிலோ ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். வெயில் சாயும் நேரம் நல்லது, நிழல் விழுந்து பாறைகள் தனித்தனியாகத் தெரியும். அவர் கையை நீட்டிக் காட்டட்டும். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். நோட்டில் நான்கு பத்தி பிரியுங்கள்: பெயர், சொன்னவர், எங்கே, என்ன இருக்கிறது. பெயரை அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். 'ஊத்தி' என்றால் 'ஊத்தி'தான். 'ஊற்றி' என்று திருத்திவிடாதீர்கள். மாடு மேய்த்த அத்தை, விறகு பொறுக்கிய பெரியம்மா யாராவது இருந்தால் அவர்களையும் தனியாகக் கேளுங்கள். பெண்கள் போன வழியில் இருக்கும் பாறைகள் ஆண்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரே பாறைக்கு இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

அந்த மோர் ஊத்திப் பாறையில் யார், யாருக்கு மோர் ஊற்றினார்கள்? அதை அப்பாவிடம் கேட்டு எனக்குத் தவறாமல் எழுதுங்கள். அடுத்த மாதம் இந்தப் பக்கத்தில் பாதியை அவருக்காக ஒதுக்கி வைக்கிறேன்.